வெள்ளை பூத்த படை: யாழ்ப்பாணத்தில் தீட்டிய 24 விண்கப்பல்கள் பற்றிய நிகழ்வு ஆய்வு

மேசைப் போர் விளையாட்டுக்கென்று 24 சிறு விண்கப்பல்கள் வைகாசிக் கடைசியில் பிறைமர் என்ற அடிப்பூச்சு அடிக்கப்பட்டு, கார்த்திகையில் கடைசி வார்னிஷும் பூசி முடிக்கப்பட்டன. வேலை முடிந்த அன்று குறையில்லாமல் நின்றவை மூன்றே மூன்று. 14 கப்பல்களில் வெள்ளை பூத்திருந்தது. ஏழின் மேற்பரப்பு உப்புத்தாள் போலச் சொரசொரத்தது. போதாக்குறைக்கு கப்பல்களை ஏந்தி நிற்கும் தாங்கிகளில் ஆறின் தெளிந்த தண்டுகள் பால்நிறமாகியிருந்தன.

தீட்டிய கையில் பிழையில்லை. கோடுகள் நேராக இருந்தன, நிறத் தெரிவும் நன்று, பெயின்ற் தரமானது. கெடுத்தவை தண்ணீர், காற்று, ஈரப்பதம் ஆகிய மூன்றும். யாழ்ப்பாணத்தில் மினியேச்சர் தீட்டுகிறவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு கட்டத்தில் இவற்றில் ஒன்றிடம் தோற்றிருப்பார்கள். அதனால்தான் இந்தப் படையை எடுத்து, எது எதனால் வந்தது என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தோம்.

படையின் அமைப்பு

140 மில்லிமீற்றர் நீளமான பெரும் போர்க்கப்பல் இரண்டு, 130 மில்லிமீற்றர் தாங்கிக் கப்பல் ஒன்று, 90 மில்லிமீற்றர் குறூசர் ஐந்து. இந்த எட்டும் முப்பரிமாண அச்சில் எடுத்த றெசின் கப்பல்கள். மிகுதி 16உம் வெள்ளீயக் கலவை உலோகம்: 55 மில்லிமீற்றர் பிறிகேற் ஆறு, 35 மில்லிமீற்றர் நாசகாரி பத்து.

140 மில்லிமீற்றர் கப்பலை 1.4 கிலோமீற்றர் நீளமானதாகக் கற்பனை செய்தால் அளவுத்திட்டம் 1:10,000. இந்தக் கணக்கை வேலை தொடங்குமுன் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி மேசையில் ஒட்டிவைப்பது நல்லது. ஒரு மில்லிமீற்றர் புள்ளி அந்தக் கப்பலில் 10 மீற்றர், அதாவது மூன்று மாடி வீட்டின் உயரம். அந்த அளவில் யன்னல் வைத்தால் கப்பல் பொம்மையாகிவிடும். 0.3 மில்லிமீற்றர் புள்ளி 3 மீற்றர். அப்போதுதான் கண் அதை யன்னலாக ஏற்கும். ஒரு விண்கப்பலைப் பெரிதாகக் காட்டுவது அதன் மேல் வைக்கும் அடையாளங்களின் சிறுமைதான்.

முதல் தயாரிப்பு

றெசின் கப்பல்கள் அச்சிலிருந்து வரும்போது பிசுபிசுப்பாக இருக்கும். அந்தப் பிசுக்கு முழுதாகப் போகாவிட்டால் பிறைமர் காயாது. காய்ந்தாலும் சில வாரங்களில் வெடிக்கும். இரண்டு மூடிப் போத்தல்களில் ஐசோபுரோப்பைல் அல்ககோல் வைத்து, முதலாவதில் இரண்டு மூன்று நிமிடம் அலசி, இரண்டாவதில் மறுபடி அலச வேண்டும். மருந்துக்கடையில் கிடைக்கும் 70 வீத ஸ்பிரிட் அவசரத்துக்கு உதவும். ஆனால் அதில் தண்ணீர் அதிகம் என்பதால் குழிகளுக்குள் பிசுக்கு தங்கிவிடும். 95 வீதத்துக்கு மேற்பட்டது கிடைத்தால் அதுவே மேல். ஸ்பிரிட் முற்றாக உலர்ந்த பிறகுதான், றெசின் இறுகுவதற்கு வெயிலில் வைக்கலாம். எங்கள் வெயிலுக்குப் பக்கத்துக்கு ஐந்து நிமிடம் போதும். மத்தியானம் முழுக்க முற்றத்தில் விட்டால் மெல்லிய அன்ரெனாக்கள் வளைந்து, தொட்டதும் முறியும்.

அலசிய திரவத்தை முற்றத்தில் ஊற்றக் கூடாது. குடாநாட்டின் அடி சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றியது வெடிப்புகள் வழியே கிணற்றுக்குப் போய்ச் சேரும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்ததைக் கண்ட ஊருக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. கண்ணாடிப் போத்தலில் மூடியைச் சற்றுத் திறந்து, அடுப்புக்கும் பிள்ளைகளுக்கும் எட்டாத வெயிலில் வைத்தால் றெசின் கட்டியாகி அடியில் இறங்கும். தெளிந்த ஸ்பிரிட்டை வடித்து மறுபடி முதல் அலசலுக்குப் பாவிக்கலாம். கட்டியை இன்னும் வெயிலில் காயவைத்துக் குப்பையில் சேர்க்க வேண்டும்.

உலோகக் கப்பல்களுக்கு வேலை குறைவு. வார்ப்புக் கோட்டை நகை அரத்தால் தேய்த்து, சவர்க்காரத் தண்ணீரில் பழைய பற்தூரிகையால் கழுவினால் முடிந்தது. இணைப்புகளுக்கு 1 மில்லிமீற்றர் பித்தளைக் கம்பி. பேப்பர் கிளிப்பை வெட்டி ஊசியாக வைப்பவர்கள் உண்டு. கரையோர வீடுகளில் அது துருவேறி, சில மாதத்தில் வெள்ளை உடலில் மண்ணிறக் கறையாகக் கசியும்.

சொரசொரத்த ஏழு நாசகாரிகள்

பிறைமர் வாகனங்களுக்கு அடிக்கும் சாம்பல் நிற ஸ்பிறே கான். பத்து நாசகாரிகளையும் ஒரு பலகையில் இரண்டு வரிசையாக ஒட்டி, திறந்த முற்றத்தில் பின்னேரம் நான்கு மணிக்கு அடித்திருக்கிறார்கள். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் காலம். காற்றுவாட்டுக்கு எதிரே நின்ற ஏழும் சொரசொரத்தன. சுவரோரம் மறைவில் நின்ற மூன்றும் வழுவழுப்பாக வந்தன. முன்சொன்ன குறையில்லாத மூன்றும் இவைதான்.

காரணம் எளிது. சூடான காற்று வேகமாக வீசும்போது துளியிலுள்ள கரைப்பான் கப்பலைத் தொடுமுன் ஆவியாகிவிடுகிறது. வந்து சேர்வது ஈரமான பெயின்ற் அல்ல, காய்ந்த தூள். அடிக்கிறவர் காற்றைச் சமாளிக்கக் கானைத் தூரப் பிடிப்பது நிலைமையை இன்னும் மோசமாக்கும். இங்கே 40 சென்ரிமீற்றர் தூரத்தில் அடித்திருக்கிறார்கள். 20 முதல் 25க்குள் நிற்க வேண்டும். வலிகாமத்துச் செம்மண் தூசு வேறு சோளகத்தோடு கிளம்பி ஈரப் பூச்சில் ஒட்டும். வெளிர் நிறப் படைக்கு அது இளஞ்சிவப்புச் சாயமாகவே தெரியும்.

எமது கணிப்பில் இங்கு ஸ்பிறே அடிக்க உகந்த வேளை காலை ஒன்பதரை முதல் பதினொன்று வரை. அதிகாலையில் காற்றில்லை, ஆனால் ஈரம் நிற்கும். மத்தியானத்துக்குப் பிறகு காற்று எழும்பிவிடும். இடையிலுள்ள அந்த ஒன்றரை மணித்தியாலத்தில், மூன்று பக்கமும் மூடிய பெரிய காட்போட் பெட்டிக்குள் அடித்தால் போதும். முகமூடி போட வேண்டும். யன்னல் திறந்திருக்க வேண்டும்.

ஏழையும் அசிற்றோனில் ஒரு இரவு ஊறவைத்து, பற்தூரிகையால் உரித்து, மறுபடி தொடங்கினார்கள். உலோகத்துக்கு மட்டுமே இந்த வழி. றெசினையோ பிளாஸ்ரிக்கையோ அசிற்றோனில் போட்டால் கப்பல் மிஞ்சாது. அசிற்றோன் சுப்பர் குளூவையும் கரைக்கும் என்பதை மறந்ததால், போத்தலின் அடியில் 14 எஞ்சின் துண்டுகளைத் தேடிப் பொறுக்க வேண்டியதாயிற்று.

இரண்டு வெள்ளைகள்

இந்த ஆய்வின் உயிர் இங்கேதான். வெள்ளை பூத்த 14 கப்பல்களும் முதற் பார்வைக்கு ஒரே நோயாளிகள். குறூசர் ஐந்து, பிறிகேற் ஆறு, பெரும் போர்க்கப்பல் இரண்டு, தாங்கிக் கப்பல் ஒன்று. எல்லாவற்றுக்கும் வார்னிஷைக் குற்றம் சொல்லி, எல்லாவற்றையும் உரிக்கத்தான் முதலில் யோசித்தார்கள். வேலைக் குறிப்பைப் பார்த்தபோதுதான் வேறுபாடு வெளித்தது.

நாசகாரிகளுக்கு, குழிகளைக் கறுப்பாக்கிக் காட்டும் நிழல் பூச்சு கடைப் போத்தலிலிருந்து அப்படியே, தண்ணீர் சேராமல் பூசப்பட்டது. அவற்றில் வெள்ளை இல்லை. குறூசர்களுக்கும் பிறிகேற்களுக்கும் போத்தல் போதாமல், கருமண்ணிற அக்ரிலிக் பெயின்ற் ஒரு பங்கு, பெயின்ற்றை இளக்கும் நிறமற்ற மீடியம் ஒரு பங்கு, கிணற்றுத் தண்ணீர் இரண்டு பங்கு என்று கலந்தார்கள். அவற்றில் வெள்ளை குழிகளுக்குள் விளிம்பு கட்டியிருந்தது. பெரிய மூன்றுக்கும் நிழல் எண்ணெய் வர்ணத்தில், ரேப்பன்ரைனில் கரைத்துப் பூசியது, தண்ணீரே இல்லை. அவற்றில் வெள்ளை குழி மேடு பாராமல் மூடுபனி போல் எங்கும் படர்ந்திருந்தது. இருக்கும் இடமே இரண்டும் வேறு என்று சொல்லிவிட்டது.

குழிக்குள் இருந்தது சுண்ணம். யாழ்ப்பாணத்துக் கேத்தில் ஒன்றின் அடியைப் பார்த்தால் விளங்கும். சுண்ணாம்புக்கல்லில் ஊறி வரும் எங்கள் தண்ணீரில் கல்சியம் கரைந்திருக்கிறது. சவரான இடங்களில் உப்பும் சேரும். குடிக்க நல்ல தண்ணீராக இருந்தாலும் தீட்ட அது நல்ல தண்ணீர் அல்ல. நிழல் பூச்சு குழிகளில் தேங்கிக் கடைசியாகக் காய்வது; ஆகவே தண்ணீர் விட்டுப்போகும் சுண்ணமும் அதே குழிகளில்தான் சேரும். கறுக்க வேண்டிய இடம் வெளுத்துப்போகிறது. காய்ந்த அன்றே மெல்லிய சாம்பல் விளிம்பு தெரிந்திருக்கிறது. உலர்தூரிகையின், அதாவது பெயின்ற் துடைத்த தூரிகையால் மேடுகளில் உரசுவதன், தூள் என்று விட்டுவிட்டார்கள். மேலே பளபளக்கும் குளோஸ் வார்னிஷ் பூசியபோது அது மறைந்து, மங்கலான மற் வார்னிஷ் வந்ததும் மறுபடி துலங்கியது.

உறுதிப்படுத்தக் கறுப்புப் பிறைமர் அடித்த பிளாஸ்ரிக் கரண்டிகளில் ஒரே கலவையை மூன்று தண்ணீரில் பூசிப் பார்த்தார்கள். கிணற்றுத் தண்ணீர்க் கரண்டியில் தெளிவான வெள்ளை வளையம் வந்தது. கொதிக்கவைத்து, ஆறி அடையவிட்டு மேலே தெளிந்ததை எடுத்ததில் வளையம் மெலிந்திருந்தது; கொதிக்கும்போது சுண்ணத்தின் ஒரு பகுதி அடியில் இறங்கும், ஆனால் உப்பு இறங்காது. பற்றறிக்கு விடும் வடித்த தண்ணீரில் எதுவுமில்லை. முதற் கரண்டியின் வளையத்தில் ஒரு துளி வினாகிரி விட, வெள்ளை கரைந்து போயிற்று. வார்னிஷின் வெள்ளை வினாகிரிக்கு அசையாது. வார்னிஷுக்குக் கீழே அடைபட்ட சுண்ணத்துக்கும் வினாகிரி எட்டாது. ஆகவே சோதனையை வார்னிஷுக்கு முன் செய்ய வேண்டும்.

பற்றறித் தண்ணீர் வாங்கும்போது போத்தலை வாசித்து வாங்குங்கள். அதே தட்டில் அசிட்டும் விற்பார்கள். ஒரு லீற்றர் இந்த அளவான இரண்டு படைகளுக்குக் காணும். மாரியில் முதல் மழை கூரையைக் கழுவிய பிறகு நேரே பாத்திரத்தில் ஏந்திய மழைத்தண்ணீரும் ஏறக்குறைய அதே தரம். தூரிகை கழுவக் கிணற்றுத் தண்ணீர் போதும். பெயின்ற்றோடு சேரும் தண்ணீர் மட்டும் மென்னீராக இருக்க வேண்டும். பெயின்ற் காயாமல் வைக்கும் ஈரப் பலகையின் ஸ்பொஞ்சில் ஊற்றுவதும் இதற்குள் அடங்கும்.

பெரிய மூன்றின் வெள்ளை வேறு. அவற்றுக்கும் ஒரு குறூசருக்கும் மற் வார்னிஷ் ஸ்பிறே கார்த்திகை மழையில், விறாந்தையில் அடிக்கப்பட்டது. கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிரும். ஈரக் காற்று அதில் பனித்துப் படலத்துக்குள் சிக்கும். மற் வார்னிஷை மங்கலாக்கும் நுண்தூள் கானின் அடியில் இறங்கியிருந்தால், சரியாகக் குலுக்காமல் அடிப்பதாலும் இதே போலப் பூக்கும். கானுக்குள் இருக்கும் குண்டு அசையத் தொடங்கிய பிறகு இரண்டு நிமிடம் முழுதாகக் குலுக்க வேண்டும். இங்கே மழையே முதற் காரணம். புரட்டாதியில் அதே கானால் அடித்த மற்றவற்றில் பனிப்படலம் இல்லை.

ஆக அந்த ஒரு குறூசருக்கு மட்டும் இரண்டு நோயும் இருந்தன. எல்லாரையும் குழப்பியதும் அதுவே.

வைத்தியம் இரண்டுக்கும் வேறு. பனிப்படலத்துக்கு, வெயிலான ஒரு காலையில் தூரிகையால் மெல்லிய குளோஸ் வார்னிஷ் ஒன்று. படலத்தின் நுண்வெளிகள் நிரம்பி வெள்ளை கண்ணுக்கு மறையும். 24 மணித்தியாலம் விட்டு மற் வார்னிஷ். நான்கில் மூன்று இதிலேயே தெளிந்தன. சுண்ணத்துக்கு உரிக்கத் தேவையில்லை, அழிக்கவும் இயலாது, மூடத்தான் வேண்டும். குளோஸ் வார்னிஷ் காய்ந்த மறுநாள், கருமண்ணிற எண்ணெய் வர்ணத்தை ரேப்பன்ரைனில் தேநீர்ச் சாயம் அளவுக்குக் கரைத்து, 00 தூரிகை நுனியால் குழியில் மட்டும் தொட்டுவிட்டார்கள். அது கோடுவழியே தானே ஓடும். வழிந்ததை அரைமணி கழித்துப் பஞ்சுக்குச்சியால் துடைத்தார்கள். 11 கப்பல்களுக்கும் இரண்டு மாலை எடுத்தது. முதற் பூச்சைவிட நிழல் கூர்மையாகவே வந்தது. கடையில் வாங்கும் ரேப்பன்ரைன் சில வேளை கடுமையாக இருக்கும். கப்பலின் அடிப்பக்கத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்த பிறகே மேலே தொடலாம்.

நன்றாக வந்தவை

உடல் நிறத்தை ஒரே தடவையில் கலந்தது இந்தப் படையின் மிக நல்ல தீர்மானம். எலும்பு வெள்ளை 18 மில்லி, நடுச் சாம்பல் 3 மில்லி, மண்ணிறம் 1 மில்லி; மொத்தம் 22 மில்லி. அதில் 5 மில்லியைச் சிறு போத்தலில் அடைத்துப் பெயர் எழுதிவைத்தார்கள். மறுபடி தீட்டிய ஏழு நாசகாரிகளும் மற்றவற்றோடு பொருந்தியது அந்த 5 மில்லியால்தான். கப்பல் கப்பலாகத் தனித்தனியே கலந்தால் 24 வெள்ளை வரும். படை என்பது ஒரு பொருள். ஒரு படிமுறையை 24க்கும் முடித்த பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். அலுப்பான வேலைதான், மறுக்கவில்லை.

அணி அடையாளமாகக் கோயில் மதிலின் காவியும் வெள்ளையும் எடுக்கப்பட்டன. மேசையில் ஒரு மீற்றர் தூரத்திலிருந்தே இன்னார் படை என்று தெரிகிறது. கப்பலுக்கு மூன்று பட்டை: போர்க்கப்பலுக்கும் தாங்கிக் கப்பலுக்கும் 4 மில்லிமீற்றர், குறூசருக்கு 2.5, பிறிகேற்றுக்கு 1.5, நாசகாரிக்கு 1. மாஸ்கிங் ரேப்பைக் கண்ணாடித் துண்டில் ஒட்டி, புது பிளேட்டால் வெட்டி எடுத்தார்கள். சுருளின் சொந்த விளிம்பில் தூசும் பிசிறும் இருக்கும். அதை நம்பக் கூடாது. ஒட்டிய பிறகு முதலில் உடல் நிறத்தையே ரேப் விளிம்பில் பூச வேண்டும். கசியும் இடைவெளிகளை அது அடைத்துவிடும்; அதன் மேல் காவி இரண்டு மெல்லிய பூச்சு. முழுதாகக் காயுமுன் ரேப்பைத் தாழ்வாக மடித்து இழுத்தால் விளிம்பு கிழியாது.

எஞ்சின் ஒளியில் பலரும் தலைகீழாகச் செய்வார்கள்: நடுவில் கடும் நீலம், ஓரத்தில் வெள்ளை. சூடு கூடிய இடம் நடு. அதுதான் வெண்மையாக இருக்க வேண்டும். குழல் முழுவதும் தூய வெள்ளை, அதன் மேல் ஓரத்திலிருந்து உள்நோக்கி இளநீலம், பிறகு விளிம்பில் மட்டும் கடுநீலம். சாம்பல் பிறைமரில் நேரே நீலம் வைத்தால் ஒளி செத்துப்போகும்.

யன்னல்களுக்குத் தூரிகை வேண்டாம். நுனி சீவிய தென்னோலை ஈர்க்கு, அல்லது தையல் ஊசி. காய்வதைத் தாமதிக்கும் ரிட்டாடர் சிறிது சேர்த்துப் பெயின்ற்றை இளக்காமல் விட்டால் எங்கள் வெக்கையில் ஊசி நுனியிலேயே காய்ந்துவிடும். ஒரு வரிசையில் மூன்று நான்கு புள்ளி, ஒன்றை விட்டு ஒன்று. எல்லா யன்னலிலும் விளக்கு எரிய வேண்டியதில்லை.

தாங்கிகள்

தெளிந்த அக்ரிலிக் தண்டுகளைச் சுப்பர் குளூவால் ஒட்டியதில் ஆறு பால்நிறமாகின. அந்தப் பசையின் ஆவி காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அருகே வெள்ளையாகப் படிகிறது. மூடிய பெட்டிக்குள் உலரவிட்டால் இன்னும் கூடும். துடைத்தால் முழுதாகப் போகாது. அரல்டைற் என்ற இருகூட்டுப் பசையை அரிசி அளவு கலந்து, ஈர்க்கு நுனியால் வைத்தால் இந்தத் தொல்லையில்லை. பெரும்பாலான விதிகளில் தூரம் அளப்பது கப்பல் மூக்கிலிருந்து அல்ல, தண்டிலிருந்து. அதனால் தண்டு நேராக நிற்பது அழகுக்காக மட்டுமல்ல. அடித்தட்டில் முன்பக்கக் கோட்டையும் சுடும் கோணங்களையும் மெல்லிய வெள்ளைக் கோட்டால் வரைந்துவிட்டால் ஆட்டத்தின் நடுவில் வாக்குவாதம் குறையும்.

கப்பலும் தண்டும் சேருமிடத்தில் 3 மில்லிமீற்றர் காந்தம். எல்லாக் கப்பலிலும் ஒரே முனை கீழே இருக்கும்படி, ஒட்டுமுன் மார்க்கர் பேனாவால் அடையாளமிட வேண்டும். அடித்தட்டின் கீழும் ஒரு காந்தம் வைத்தால் வெறும் பிஸ்கற் ரின் போதும். ஓட்டோவில் குலுங்கிப் போனாலும் கப்பல்கள் விழுவதில்லை. ரின் தகரமா அலுமினியமா என்று காந்தத்தை ஒட்டிப் பார்த்தே எடுக்க வேண்டும்.

திருத்த வேலை தை மாதத்தில், ஈரம் குறைந்த பிறகு செய்யப்பட்டது. ஆறு தண்டுகளும் மாற்றப்பட்டன. 23 கப்பல்கள் தேறின. இரண்டு நோயும் கண்ட குறூசரில் மட்டும், குளோஸும் எண்ணெய்ப் பூச்சும் இரண்டு தடவை போட்ட பிறகும் கப்பலின் கட்டளை மேடையின் கீழ்க் குழிகளில் சாம்பல் தெரிகிறது. பூச்சும் தடித்து, கோடுகள் அடைபடத் தொடங்கிவிட்டன. அதை ஐசோபுரோப்பைல் அல்ககோலில் பதினைந்து பதினைந்து நிமிடமாக மட்டும் ஊறவைத்து, இடையிடையே உரசி உரிக்க வேண்டும். ஒரேயடியாக இரவு முழுக்க விட்டால் றெசின் ஊதி மென்மையாகும். மறுபடி தீட்ட அந்தச் சிறு போத்தலில் இன்னும் ஒரு மில்லிக்குச் சற்று மேல் இருக்கிறது. தூரிகையால் பூசினால் ஒரு குறூசருக்கு அது காணும்.